வக்கீல் வைக்காத முப்பிடாதி

அரசுத் தரப்பு வழக்கறிஞர்களாக இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, சங்கரன்கோவில் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக இருந்த என் கடைசி வருடங்களில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். சட்டப் பிரிவுகளை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். அந்த வழக்கில் வந்த இரண்டு மனிதர்களை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

காலை நேரத்து நீதிமன்றத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹெல்மெட் போடாதவர்கள், ஷேர் ஆட்டோவில் ஆள் அதிகம் ஏற்றியவர்கள், இன்சூரன்ஸ் புதுப்பிக்காதவர்கள் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். டவாலி பெயரைக் கூப்பிடுவார். குற்றத்தை ஒத்துக்கிறீங்களா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டு முடிப்பதற்குள், “ஒத்துக்கிடுதேன்யா” என்று பதில் வந்துவிடும். கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தவருக்கும், நடவுக்கு ஆள் விட்டுவிட்டு வந்தவருக்கும் சீக்கிரம் திரும்பிப் போக வேண்டும். அதில் தப்பே செய்யாதவர்களும் இருப்பார்கள். மறுத்தால் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டுமே என்று அவர்களும் ஒத்துக்கொண்டுதான் போவார்கள்.

ஒருநாள் அந்த வரிசைக்குப் பின்னால் முப்பிடாதி வந்து நின்றார். நாற்பதை நெருங்கும் பெண். ‘குட்டி யானை’ என்று ஊரில் சொல்வார்களே, அந்தச் சின்ன சரக்கு வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர். புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மூட்டைகளை ஏற்றித் திருநெல்வேலியில் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். அவருடைய வழக்கு அபராதம் கட்டிவிட்டுப் போகிற வழக்கு அல்ல. பனவடலிசத்திரம் தாண்டி ஒரு தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில், அவர் வண்டி ஒரு ஸ்கூட்டரில் மோதியிருந்தது. ஸ்கூட்டரில் வந்தவர் ஜெபராஜ், உரக்கடை வைத்திருப்பவர். அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஜெபராஜின் மச்சினன் புகார் கொடுத்திருந்தார். ஜெபராஜ் ஸ்கூட்டரை ஓட்டிவந்தபோது, முப்பிடாதி வண்டியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதினார் என்பது புகார். நிரூபணமானால் சிறைக்குப் போகவும் வாய்ப்புண்டு, லைசென்ஸும் கையை விட்டுப் போகலாம்.

மாஜிஸ்ட்ரேட் குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

“மோதுனது என் வண்டிதான்யா. அதை ஒத்துக்கிடுதேன்” என்றார் முப்பிடாதி. “அஜாக்கிரதையா வந்தேன்னு இருக்குல்லா, அதை மட்டும் ஒத்துக்கிட மாட்டேன்.”

“பாதியை ஒத்துக்கிட்டு பாதியை மறுக்க முடியாதும்மா.”

“அப்ப மறுக்கேன்னு எழுதிக்கிடுங்கய்யா.”

வக்கீல் யார் என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டதற்கு, யாரும் இல்லை என்றார் முப்பிடாதி. இலவசச் சட்ட உதவி உண்டு, நீதிமன்றமே ஒரு வக்கீலை நியமிக்கும் என்று மாஜிஸ்ட்ரேட் பொறுமையாக எடுத்துச் சொன்னார். முப்பிடாதி கைகூப்பி, வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது. வக்கீல் இல்லாதவர் எதிரே நிற்கும்போது, அவருக்காகவும் சேர்த்து வழக்கைப் படிக்க வேண்டிய பொறுப்பு நம் தலையில் வந்துவிடுகிறது. அவருக்குச் சாதகமாக ஒன்று நம் கண்ணில் பட்டால் அதை மறைத்துவைக்க நமக்கு உரிமை கிடையாது. மத்தியானம் வராந்தாவில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ரெண்டு வக்கீலய்யாவப் பாத்தேன் மேடம்” என்றார். “ஒருத்தவிய ஒத்துக்கிட்டுப் போயிருன்னாவ. இன்னொருத்தவிய, அந்த உரக்கடைக்காரரைக் கூண்டுல ஏத்திக் கிழிச்சிருதேன், நீ வீட்ல போய்த் தூங்குன்னாவ. காலு ஒடைஞ்சி கெடந்த மனுசன். அவியளக் கிழிச்சு எனக்கு என்ன ஆகணும்? ஸ்டீரிங்கப் புடிச்சது நான். நடந்ததை நானே சொல்லிக்கிடுதேன்.”

அன்றைக்கு ராத்திரி வழக்குக் கட்டு முழுவதையும் படித்தேன். விபத்து நடந்ததும் முப்பிடாதி ஓடவில்லை. மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி, ஜெபராஜைப் படுக்கவைத்து, தானே சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போயிருக்கிறார். விபத்தைச் செய்துவிட்டு வண்டியை விட்டுவிட்டு ஓடியவர்களை வருடக் கணக்கில் பார்த்தவள் நான். மனசுக்குள் அந்தப் பெண்மேல் ஒரு மரியாதை வந்தது. ஆனால் மரியாதையை வைத்துக்கொண்டு அரசுத் தரப்பில் ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்தது நல்ல குணத்துக்குச் சாட்சி. எப்படி ஓட்டினார் என்பதற்குச் சாட்சி ஆகாது. நேரில் பார்த்ததாகச் சாட்சிப் பட்டியலில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள். ஜெபராஜ் ஒருவர் சொல்வதில்தான் வழக்கே நின்றது.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் முப்பிடாதியிடம், ‘பிளீ பார்கெயினிங்’ என்ற ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னேன். குற்ற ஒப்புதல் பேரம். நம் பக்கத்தில் அதை யாரும் அதிகம் தேடுவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரே மனுக் கொடுக்க வேண்டும். பிறகு அடிபட்டவர், விசாரணை அதிகாரி, அரசு வழக்கறிஞர் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரலாம். தண்டனை குறையும். அவர் விஷயத்தில் சிறை இருக்காது என்று நம்பலாம் என்றேன். மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. தண்டனை குறைந்தாலும், அஜாக்கிரதையாக ஓட்டினேன் என்று அவரே ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும், அதைப் பிறகு அழிக்க முடியாது என்றும் சொன்னேன்.

அவர் தண்டனையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“அந்தப் பேச்சுல உரக்கடை அண்ணாச்சி இருப்பாவளா?”

“கண்டிப்பா இருப்பார்.”

“அங்கன பேசுறது வெளிய போவுமா?”

“போகாது. பேச்சு முறிஞ்சுபோனா, அங்க சொன்ன எதையும் வேற எங்கயும் பயன்படுத்தக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது.”

“அப்ப மனு எழுதித் தாரேன் மேடம். அவிய என் முகத்தப் பாத்து, நீ அஜாக்கிரதையாத்தான் வந்தேன்னு சொல்லிட்டா, நான் ஒத்துக்கிடுதேன். ஒருவேளை எனக்குத்தான் தெரியலையோ என்னவோ.”

மாஜிஸ்ட்ரேட் அவரைத் தனியாக வைத்து, யாராவது மிரட்டினார்களா, சொந்த விருப்பத்தில்தான் வந்தீர்களா என்று விசாரித்துவிட்டு, பேச்சுக்குத் தேதி கொடுத்தார்.

நீதிமன்றத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. ஜெபராஜ் கைத்தடி ஊன்றி வந்தார். தோள்கொடுத்து அழைத்துவந்தது அவருடைய மகள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் முப்பிடாதி எழுந்து போய், “நல்லாருக்கியா மக்கா? கைவலி போயிட்டா?” என்று கேட்டார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. விபத்தில் வேறு யாருக்கும் காயம் என்று வழக்குக் கட்டில் ஒரு வரி இல்லை. அவளைப் பற்றிய பேச்சே இல்லை. எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது.

மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே நாங்கள் நான்கு பேர். விசாரணை அதிகாரியான சப்-இன்ஸ்பெக்டர் அவசரத்தில் இருந்தார். வைத்தியச் செலவில் ஒரு பங்கை முப்பிடாதி ஏற்றுக்கொள்வது, அபராதத்தோடு முடிப்பது என்று அவரே ஒரு திட்டம் சொன்னார். ஜெபராஜும், “எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். கேஸ் முடிஞ்சாப் போதும்” என்றார்.

முப்பிடாதி அவர் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, நான் உங்கள்ட்ட வாதாட வரல. அன்னைக்கு நான் எப்படி வந்தேன்னு நீங்களே சொல்லுங்க. அஜாக்கிரதையா வந்தேன்னா சொல்லுங்க, இங்கனயே கையெழுத்துப் போட்டுருதேன்.”

“அதான் கேஸ் முடியட்டும்னு சொல்லுதேன்லாம்மா.”

“அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லையே அண்ணாச்சி.”

ஜெபராஜ் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். இப்படிப்பட்ட நேரங்களில் பேச்சை இட்டு நிரப்ப உங்களுக்கு ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

“ஸ்கூட்டரை ஓட்டுனது நான் இல்ல மேடம்” என்றார் ஜெபராஜ், என்னைப் பார்த்து. “பிள்ளை ஓட்டுனா. நான் பின்னால உக்காந்து பழக்கிக் குடுத்துட்டு இருந்தேன். தோட்டத்துப் பாதையிலேருந்து ரோட்டுல ஏறும்போது அவ நிறுத்தல. நானும் நிறுத்துன்னு சொல்லல. இந்தத் தங்கச்சி பிரேக்கப் புடிச்சு ஒடிச்சதாலதான் எங்க ஸ்கூட்டரோட பின்பக்கம் மட்டும் பட்டுது. இல்லன்னா என் பிள்ள இன்னைக்கு இல்ல.”

பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தபோது, மருமகளான இந்தப் பிள்ளைமேல் வழக்கு வந்துவிடும் என்று பயந்து மச்சினன் புகாரை அப்படி எழுதிக் கொடுத்துவிட்டார். கண்விழித்த பிறகு இவரும் அதையே சொல்லிவிட்டார். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றவரைச் சிறைக்கு அனுப்பச் சட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

“குற்றப்பத்திரிகையில என் கையெழுத்துல்லா இருக்கு அண்ணாச்சி!” என்று சப்-இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடிபட்டவர் சொன்னதைத்தான் அவர் எழுதியிருந்தார்.

நான் முப்பிடாதியைக் கேட்டேன். “யார் ஓட்டினதுன்னு உங்களுக்குத் தெரியுமே. ஏன் முதல்லயே சொல்லல?”

“அப்பன் காலொடிஞ்சி கெடக்கான். பிள்ளை என் சேலையப் புடிச்சிட்டு நடுங்கிட்டு நிக்கி. அந்நேரம் போய், இவதான் ஓட்டுனான்னு சொல்லச் சொல்லுதீங்களா மேடம்? எப்படியும் அண்ணாச்சி சொல்லிருவாவன்னு நெனச்சேன். கேஸு கோர்ட்டு வரைக்கும் வந்துட்டு.”

அப்போதுதான் அந்த அறையில் நிஜமான பேரம் வந்தது. ஜெபராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தங்கச்சி, உங்களக் கும்பிட்டுக் கேக்கேன். நீங்க ஒத்துக்கிடுங்க. அபராதம், மத்த செலவு எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். பிள்ள தப்பிச்சிரும்.”

யோசித்துப் பாருங்கள். அந்தக் காகிதத்தில் முப்பிடாதி கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். பிள்ளை தப்பியிருக்கும், தகப்பன் தப்பியிருப்பார், சப்-இன்ஸ்பெக்டர் தப்பியிருப்பார். முப்பிடாதியும் சிறைக்குப் போகாமல் தப்பியிருப்பார். நடந்தது தெரிந்த பிறகு அந்த ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திட முடியாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பெண் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்கக் காத்திருந்தேன்.

முப்பிடாதி தலையைத் திருப்பினார். கதவு இடுக்கு வழியாகப் பெஞ்சில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

“பிள்ளைக்காகன்னா நான் இன்னும் என்ன வேணாலும் செய்வேன் அண்ணாச்சி. ஆனா இது பிள்ளைக்கு நல்லதில்ல. யாரு ஓட்டுனதுன்னு அவளுக்குத் தெரியும். அவ செஞ்சதுக்கு ஒரு பொம்பள குற்றவாளின்னு பேரு வாங்கிட்டுப் போனான்னும் தெரியும். அதை மனசுல வச்சுக்கிட்டு அவ எப்படிப் படிப்பா, எப்படி நிம்மதியா இருப்பா?” குரலைத் தாழ்த்திச் சொன்னார். “என் கதையும் ஒண்ணு இருக்கு. நான் வண்டி எடுத்த அன்னையிலேருந்து, பொம்பள ஓட்டுனா இடிச்சிருவான்னுதான் சந்தையில எல்லாரும் சொன்னாவ. அவியள்லாம் சொன்னது சரிதான்னு நானே எழுதிக் குடுக்கணுமாக்கும்? அது என்னால முடியாது.”

பேச்சு முறிந்தது என்று நான் எழுதினேன். காரணம் எழுதவில்லை. எழுதவும் கூடாது.

எழுந்து போகும் முன் ஜெபராஜிடம் சொன்னேன். “இங்க நீங்க சொன்னதை நான் எங்கயும் எடுத்துப் பேச முடியாது. ஆனா உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுவேன். அன்னைக்கு என்ன நடந்ததுன்னு மட்டும் கேப்பேன். புகாரில் இருக்கிறபடி உங்களைச் சொல்லவைக்க ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்க மாட்டேன். உண்மையைச் சொன்னா உங்கமேல வழக்கு வரும். அதனால நீங்க ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிட்டு வாங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் என் மேசைக்கு வந்து, நிற்கிற வழக்கை நானே சாய்க்கிறேன் என்று வருத்தப்பட்டார். பொய்யென்று தெரிந்த ஒன்றை என் வாயால் நிரூபிக்கச் சொல்லாதீர்கள் என்றேன். அவருக்குக் கோபம் இருந்தது. என்னை எதிர்த்து ஒன்றும் செய்யவில்லை.

சாட்சி விசாரணைக்கு வந்த நாளில் நான் உள்ளுக்குள் தவித்துக்கொண்டுதான் இருந்தேன். ஜெபராஜ் பழைய கதையையே சொல்லிவிட்டால் முப்பிடாதிக்கு யார் இருக்கிறார்கள்? அந்த அறையில் கேட்டதை என்னால் வெளியே சொல்லவும் முடியாது. ஜெபராஜ் கூண்டில் ஏறினார். உண்மையே சொல்வேன் என்று பிரமாணம் எடுத்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்.

“ஸ்கூட்டரை என் மக ஓட்டுனாய்யா. ஓட்டச் சொன்னது நான். ரோட்டுல பார்க்காம ஏறுனது எங்க வண்டி. அந்தம்மா மேல தப்பு இல்ல.”

இதன் விளைவு தெரியுமா என்று மாஜிஸ்ட்ரேட் அவரை எச்சரித்தார். தெரியும் என்றார். வக்கீலைப் பார்த்தீர்களா? பார்த்தேன், இப்படிச் சொல்ல வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார் என்றார். ஒரு உரக்கடைக்காரர், தன் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், தனக்கே சிறை வரலாம் என்று தெரிந்து அப்படிச் சொன்னார். இத்தனை வருட வேலையில் அதற்கு ஈடாக நான் பார்த்தது மிகக் குறைவு.

“குறுக்கு விசாரணை உண்டா?” என்று மாஜிஸ்ட்ரேட் முப்பிடாதியைக் கேட்டார்.

“ஒரு கேள்வி கேக்கணும்யா.” ஜெபராஜைப் பார்த்துத் திரும்பினார். “அண்ணாச்சி, கால ஊணி நடக்க முடியுதா இப்ப?”

அந்தக் கேள்விக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. நான் ஆட்சேபிக்கவில்லை. மாஜிஸ்ட்ரேட்டும் தடுக்கவில்லை. “பரவால்லம்மா, இப்பக் கொஞ்சம் கொஞ்சமா முடியுது” என்று ஜெபராஜ் பதில் சொன்னார்.

முப்பிடாதி விடுதலையானார். தீர்ப்பைக் கேட்டதும் கைகூப்பிவிட்டு, லோடு காத்திருக்கிறது என்று புளியங்குடிக்குக் கிளம்பிவிட்டார்.

பிறகு ஜெபராஜ் மீது, வயது வராத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்ததற்காக வழக்கு வந்தது. மகளைச் சிறார் நீதிக் குழுமம் விசாரித்து, எச்சரித்து அனுப்பியது. அவள் பரீட்சை எழுதினாள். ஜெபராஜும் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் வந்தார். அதே குற்ற ஒப்புதல் பேரத்துக்கு அவரே மனுக் கொடுத்தார். இந்த முறை நான் தயங்காமல் ஒத்துழைத்தேன். முப்பிடாதி மறுத்ததும் சரி, ஜெபராஜ் ஏற்றுக்கொண்டதும் சரி. நாளைக்கு உங்கள் முன்னால் ஒருவர் பேரத்துக்கு வந்து உட்காரும்போது, எவ்வளவு குறையும் என்று கணக்குச் சொல்வதற்கு முன், அந்தக் குற்றத்தை அவர் செய்தாரா என்று கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டால் மீதி வேலை அவ்வளவு கடினம் இல்லை.

அபராதமும், நீதிமன்றம் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற தண்டனையும் ஜெபராஜுக்குக் கிடைத்தன. கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தெரிந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் உட்காரவில்லை.

உணவு இடைவேளை முடிந்து நான் வந்தபோது அந்தப் பெஞ்சில் அவர் பக்கத்தில் முப்பிடாதி உட்கார்ந்திருந்தார். ஏதாவது மனுவா, எதற்கு வந்தீர்கள் என்று போய்க் கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல மேடம். இன்னைக்கு லோடு இல்ல. சாயங்காலம் வரைக்கும் அண்ணாச்சி தனியாவா உக்காந்திருப்பாவ?”

மாஜிஸ்ட்ரேட் எழுந்து போனதும் ஜெபராஜும் எழுந்தார். முப்பிடாதி கைத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் மெதுவாகப் படியிறங்கிப் போனார்கள்.